மதில் வளைந்தது யாருக்காக?

கொஞ்ச நாளைக்கு முன்னால் தஞ்சாவூரில் ஒரு இலக்கியக் கூட்டம். கடைசி வரிசையில் நானும் எங்க பெரியப்பாவும் உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா இலக்கியம் கேட்க வந்தவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் என்னோடு வந்து உட்கார்ந்தார். மேடையில் பேசிய பெரியவர் காவிரி நாட்டின் சோலைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். சோலை, பொழில், கா, காவு, தண்டலை, நந்தவனம், பூங்கா என்று தோட்டத்துக்குத் தமிழில் உள்ள சொற்களை அடுக்கி, இத்தனை சொல் எந்த மொழியில் உண்டு என்று கேட்டார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எம்.ஏ. தமிழ் படித்த கை, தானாகத் தட்டிவிடும்.

பெரியப்பா என் காதருகே குனிந்து, "தோட்டத்துக்கு இம்புட்டுப் பேரு சொல்றாரே பாப்பா, தோட்டக்காரனுக்கு எத்தன பேரு இருக்காம்?" என்று கேட்டார்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடிப் போனதுதான்.

பெரியப்பா நாற்பது வருஷம் தோட்டக்காரர். 1979இல், இருபத்திரண்டு வயசில், பண்ணை வேலையை விட்டு டவுனுக்கு வந்து ஒரு தோட்டத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தார். எந்தத் தோட்டம், எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. அவர் மகன் இன்னும் அங்கே காண்ட்ராக்டில் இருக்கிறான். அவ்வளவு சொன்னால் இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விளங்கும்.

முதலில் நம் பிரதிகளுக்குள் போய்ப் பார்ப்போம். மணிமேகலையில் 'மலர்வனம் புக்க காதை' என்று ஒரு காதையே இருக்கிறது. பூப்பறிக்க எந்தத் தோட்டத்துக்குப் போகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வருகிறாள் சுதமதி. ஒரு தோட்டத்தில் அரசனின் காவல். இன்னொன்றைப் பூதம் காக்கிறது. வேறு சிலவற்றைத் தெய்வங்கள் காக்கின்றன. கடைசியில் போய்ச் சேருகிற உவவனமோ புத்தரின் ஆணையால் பூக்கிறது. எனக்குப் பௌத்தத்தின் மேல் பிரியம் உண்டு, நம்மில் பலருக்கும் உண்டு, அதனாலேயே இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். புகார் நகரத்துத் தோட்டங்களைத் திரும்பத் திரும்பப் படித்தும் மண்வெட்டி பிடித்த ஓர் ஆள் என் கண்ணில் தட்டுப்படவில்லை. பூதம் இருக்கிறது, தோட்டக்காரன் இல்லை.

அப்படியானால் தமிழ் இலக்கியத்தில் தோட்டக்காரரே கிடையாதா? உண்டு, தோழர்களே. புகழ்பெற்ற தோட்டக்காரர்கள் உண்டு. திருப்புகலூர் முருக நாயனார் விடியுமுன் எழுந்து கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று வகை பிரித்துப் பறித்து மாலை கட்டியவர். பெரியபுராணம் அவரைக் கொண்டாடுகிறது. பாபநாசம் பக்கம் திருமண்டங்குடியில் பிறந்த விப்ரநாராயணர், அதாவது தொண்டரடிப்பொடி ஆழ்வார், திருவரங்கத்தில் நந்தவனம் வைத்துத் துளசியும் பூவும் வளர்த்தவர். இருவரும் அந்தணர்கள். கூடை தூக்கியது, மண் கொத்தியது எல்லாம் தொண்டு என்று பெயர் பெற்றது. கையில் அழுக்குப் பட்டால் அது அவர்களுக்குப் புண்ணியம். அதே அழுக்குத்தான் எங்க பெரியப்பா கையிலும் பட்டது. அதற்குக் கூலி என்று பெயர். மஸ்டர் ரோலில் ஒரு கோடு.

தொண்டரடிப்பொடியைப் பற்றி வைணவ மரபில் ஒரு கதை சொல்வார்கள். திருமங்கையாழ்வார் திருவரங்கத்தில் மதில் கட்டுகிறார். மதில் நேராகப் போனால் விப்ரநாராயணர் பூக்கட்டுகிற இடம் இடிபடும். திருமங்கை மதிலை ஒதுக்கி, வளைத்துக் கட்டுகிறார். மனம் குளிர்ந்த விப்ரநாராயணர் தன் தோட்டத்துக் கருவிக்கு 'அருள்மாரி' என்று திருமங்கையின் பெயரையே வைக்கிறார். பத்து வருஷத்துக்கு முன்னால் வகுப்பில் இதைக் கேட்டபோது பக்திக் கதையாகக் கேட்டேன். இப்போது வேறு மாதிரிக் கேட்கிறது. இது ஒரு மேம்பாட்டுத் திட்டத்தின் கதை. ஒரு தோட்டத்தின் குறுக்கே ஒரு திட்டம் வருகிறது. திட்டத்தை நிறைவேற்றுகிறவர் தோட்டக்காரரைப் பார்க்கிறார். பார்த்ததும் கோட்டை மாற்றி வரைகிறார். தமிழில் எழுதப்பட்ட மிக நல்ல திட்ட அறிக்கை இதுதான் என்பேன்.

அந்தக் கோடு ஏன் வளைந்தது? அன்பால் என்று சொல்வார்கள். இருக்கட்டும். இதன் பக்கத்தில் நந்தனை வைத்துப் பாருங்கள். மேற்காநாட்டு ஆதனூர்ச் சேரியிலிருந்து கோயில்களின் பேரிகைக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவன் நந்தன். திருப்புன்கூருக்குப் போகிறான். வெளியே நிற்கிறான். உள்ளே இருக்கிற லிங்கத்தை நந்தி மறைக்கிறது. அவன் கும்பிட்டுக் கேட்க, நந்தி விலகுகிறது. பிறகு அவன் என்ன செய்கிறான்? கோயில் பக்கத்தில் பள்ளமாக ஓர் இடத்தைப் பார்த்து அதை வெட்டிக் குளமாக்கிவிட்டு ஊர் திரும்புகிறான். இதுவும் பெரியபுராணம் சொல்வதுதான். குளம் வெட்டுகிற அளவுக்கு அவனுடைய உழைப்பு வேண்டியிருக்கிறது. வாசல் திறக்கவில்லை. கல் நந்தி நகர்ந்தது, மனுஷன் போட்ட நிலைப்படி நகரவில்லை. கடைசியில் தில்லையில் தீக்குள் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது. ஒருவர் பூந்தோட்டத்துக்காக மதில் வளைந்தது. இன்னொருவர் தீக்குளித்தும் மதில் வளையவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் 'பக்தி இலக்கியம்' என்று பாடம் நடத்துகிறோம். நானே நடத்தியிருக்கிறேன், இரண்டு வருஷம் ஒரு டுட்டோரியலில்.

பெரிய கோயில் கல்வெட்டுகளை இங்கே சொல்லாமல் போக முடியாது. முதலாம் ராஜராஜன் அவற்றில் யார் யாருக்கெல்லாம் பெயர் கொடுத்திருக்கிறான்! நானூறு தளிச்சேரிப் பெண்டுகள், ஒவ்வொருத்தி பெயரும், அவள் எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும், பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பதும் கல்லில் இருக்கின்றன. பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது. சேரி இருக்கிறதா? இருக்கிறது. அரசன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களை அளந்து, வரி கிடையாத நிலங்களைக் கழிக்கிறபோது, ஊர்நத்தம், சுடுகாடு, வாய்க்கால் இவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று வருகிறது. ஆளாக வரவில்லை, பரப்பளவாக வருகிறது. கழிக்க வேண்டிய நிலமாக வருகிறது. 'தீண்டாமை வெள்ளைக்காரன் கொண்டு வந்தது' என்று இன்றைக்கும் பேசித் திரிகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சுவரின் முன்னால் நிறுத்த வேண்டும்.

அந்தச் சுவரிலிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான் சிவகங்கைப் பூங்கா. 1866இல் தஞ்சாவூர் நகராட்சி ஆனது. 1871-72இல் நகராட்சி இந்தப் பூங்காவை மக்கள் பூங்காவாக அமைத்தது. உள்ளே சிவகங்கைக் குளம், பக்கத்தில் 1779இல் கட்டிய ஸ்வார்ட்ஸ் தேவாலயம். குளத்துத் தண்ணீர் தித்திப்பு என்று பெயர் வாங்கியது. சேவப்ப நாயக்கன் ஏரியிலிருந்து நிலத்தடிக் குழாய் வழியாகத் தண்ணீர் வந்ததை ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் குழாய்ப் பள்ளத்தை வெட்டியவர்கள் யார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

'மக்கள் பூங்கா' என்றால் யார் மக்கள்? பொதுச்சாலை, கிணறு, குளம், பொது இடம் எதிலும் நம் ஜனங்கள் போகலாம், தடுக்கக்கூடாது என்று சென்னை சட்டமன்றத்தில் நம் தலைவர்கள் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924இல். பூங்கா திறந்து அரை நூற்றாண்டு கழித்து! அதற்கப்புறமும் கோயில் நுழைவுக்கு 1939, 1947 என்று சட்டங்கள் வேண்டியிருந்தன. ஆகவே பழைய பூங்காவை நினைத்து யாராவது உருகினால் எனக்கு உடனே கூட உருக முடிவதில்லை. டெல்டாவில் வீட்டுப் பின்புறத்தைக் கொல்லை என்போம். எங்க தெருவில் யாருக்கும் கொல்லை கிடையாது. 1971 குடியிருப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் குடிசை நின்ற இடமே எங்களுடையது. 'கொல்லைக்குப் போறேன்' என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான், அது தோட்டம் அல்ல.

இப்போது மேம்பாட்டுக் கதைக்கு வருவோம். 2016 செப்டம்பரில் தஞ்சாவூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. பழைய பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டினார்கள். மார்க்கெட்டுகளை இடித்துக் கட்டினார்கள். சிவகங்கைப் பூங்காவையும் திட்டத்தில் சேர்த்தார்கள். குழந்தைகள் பார்க்கப் போகிற மான்கள் வேறிடம் போயின. பூங்கா ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. 2025 மார்ச்சோடு ஸ்மார்ட் சிட்டித் திட்டமே முடிந்துபோனது. மிச்சம் இருப்பவை பேவர் பிளாக்கும் பெயர்ப் பலகையும்.

பெரியப்பா வேலை பார்த்தது சிவகங்கைப் பூங்காவில் இல்லை, இதே ஊரில் வேறொரு தோட்டத்தில். ஆனால் அதே காலத்தில், அதே காற்றில் அங்கேயும் ஒரு திட்டம் வந்து சேர்ந்தது. 2018 நவம்பர் 16 கஜா புயலில் அங்கே பாதி மரம் விழுந்திருந்தது. பெரியப்பாவும் இன்னும் இரண்டு பேரும் வாரக்கணக்கில் வெட்டி அப்புறப்படுத்தினார்கள். ஒடிந்தும் வேர் பிடித்து நின்றதைக் கவாத்துப் பண்ணி, வெட்டுவாயில் சாணியும் செம்மண்ணும் அப்பி, மூங்கில் முட்டுக் கொடுத்தார்கள். அது துளிர்க்கிற சமயத்தில் ஆட்கள் வந்து வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டார்கள்.

திட்ட வரைபடத்தை நான் பார்த்தேன். பெரியப்பாவுக்குப் படித்துச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார். ஒரு தமிழ் மாணவியாக அதையும் ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். மரங்கள் எல்லாம் ஒரே அளவுப் பச்சை வட்டம். புங்கமும் மகிழமும் நாகலிங்கமும் ஒரே வட்டம். நடைபாதை, நீரூற்று, செல்ஃபி எடுக்க ஒரு மேடை, கொரியன் புல். அழகுக்காகச் சின்னச் சின்ன மனிதர்களை வரைந்திருந்தார்கள். குடை பிடித்த பெண், நாய் கூட்டிப்போகிறவர், பலூன் வைத்த குழந்தை. களைக்கொத்தி வைத்திருக்கிற உருவம் எதுவும் அதில் இல்லை. மணிமேகலையில் பூதமாவது இருந்தது.

பெரியப்பா வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விரலை வைத்து, "இந்த மூலையில ஐப்பசி மழைக்கு முழங்கால் தண்ணி நிக்கும். இங்கதான் கல்லு பதிக்கப் போறாங்களா?" என்றார். தஞ்சாவூர் டவுன் டெல்டாவின் விளிம்பு. தெற்கே வல்லம் பக்கம் போனால் செம்மண்மேடு, வடக்கே வெண்ணாத்துப் பக்கம் வண்டல். ஒரே தோட்டத்துக்குள்ளேயே மேல்பக்கம் தண்ணீர் நிற்காது, கீழ்பக்கம் நின்றுகொண்டே இருக்கும் என்பது அவருக்குப் பாதங்களால் தெரியும். கீழ்பக்கம் நந்தியாவட்டை வேர் அழுகும் என்று அரளிக்கு மாற்றியதே அவர்தான். எங்கேயும் எழுதிவைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவரிடம் கேட்டது ஒன்றுதான்: வேலை நடக்கும்போது கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுத முடியுமா? அவருக்கு எழுத வராது.

அவர் கேட்டதும் ஒன்றே ஒன்று. மகிழமரத்தை மட்டும் விட்டுவிடுங்கள் ஐயா என்றார். விட்டார்கள். அதை நேர்மையாகச் சொல்லவேண்டும், விட்டார்கள். அடிமரம் வரைக்கும் கல் பதித்து, சுற்றி வட்டமாகச் சிமென்ட் திண்ணை கட்டினார்கள். மகிழம்பூ இப்போது மண்ணில் விழுவதில்லை, கல்லில் விழுகிறது, காலையில் கூட்டி அள்ளிவிடுகிறார்கள். வேலை முடிந்ததும் பராமரிப்பு காண்ட்ராக்டுக்குப் போனது. வயசாகிவிட்டது என்று பெரியப்பாவை எடுக்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு பென்ஷன் இல்லை, ஏனென்றால் நாற்பது வருஷமும் அவர் தினக்கூலி. ஒருநாள் வேலையைப் பதினாலாயிரம் தடவை செய்தவர் என்றுதான் கணக்கு.

இது தஞ்சாவூரில் மட்டும் நடக்கிற சங்கதி என்று நினைக்க வேண்டாம். சென்னையில் கவர்னர் டிரெவெல்யன் காலத்தில் உண்டான 'பீப்பிள்ஸ் பார்க்' நூறு ஏக்கருக்கு மேல் இருந்தது. மூர் மார்க்கெட், ரிப்பன் கட்டடம், நேரு ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்து அது துண்டாகிப் போனது. அமெரிக்காவில் நியூயார்க்கின் புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க் எதன்மேல் இருக்கிறது தெரியுமா? செனகா கிராமம் என்று கறுப்பின மக்கள் சொந்தமாக நிலம் வாங்கி, வீடும் சர்ச்சும் பள்ளிக்கூடமும் வைத்து வாழ்ந்த ஊர் அங்கே இருந்தது. 1857இல் அதைக் காலி செய்துவிட்டுத்தான் பூங்கா. நூறு வருஷத்துக்கும் மேல் யாரும் அதைப் பேசவில்லை. தோட்டம் போட்டாலும் நாம் வெளியே, தோட்டத்தை இடித்தாலும் நாம் வெளியே.

இதுவரை அவர்களைக் கேட்டேன். இனி நம்மைக் கேட்க வேண்டும். டெல்டா என்றால் நம் எழுத்தில் வயல் வரும், சாணிப்பாலும் சவுக்கடியும் வரும், 1968 டிசம்பர் 25 வெண்மணி வரும். வரவேண்டும், அந்த 44 உயிர்களை எழுதித் தீராது. 'குருதிப்புனல்' தொடங்கி 'செந்நெல்' வரை அந்த நெருப்பின் வெளிச்சத்தில்தான் கீழத்தஞ்சையை நாவல் பார்த்தது. ஆனால் பண்ணையை விட்டு டவுனுக்கு வந்து, ஒரு கைத்தொழிலைக் கற்று, அதில் கெட்டிக்காரராகி, யாரும் அடிக்காமல், யாரும் திட்டாமல், மெல்ல மெல்ல இல்லாமல் ஆக்கப்பட்டவர்களை எழுத நமக்கு மொழி இல்லை. பெரியப்பாவைப் பற்றி ஒருமுறை கதையாக எழுதி ஒரு தோழரிடம் காட்டினேன். "இதுல ஒடுக்குமுறை எங்க இருக்கு?" என்று கேட்டார். நல்ல தோழர். தப்பாகக் கேட்கவில்லை. அவர் தேடிய இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான். நம் விமர்சனமும் ரத்தம் தெரிந்தால்தான் நம்புவேன் என்று நின்றுவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதாமல் விட்டால் என் கதையும் பச்சை வட்டமாகிவிடும். பெரியப்பா அந்தத் தோட்டத்துக்கு ரொம்ப விசுவாசமான ஆள். சின்ன வயசில் நானும் சித்தி பிள்ளைகளும் அவரைப் பார்க்கப் போவோம். பூவைத் தொட்டால் கம்பை எடுத்துக்கொண்டு ஓடி வருவார். கார்க்காரப் பிள்ளைகள் பறித்தால், "வேணாம் கண்ணு" என்பார். எங்களுக்குக் கம்பு. சேரிப் பையன்கள் சுவரேறினால் முதலில் விரட்டுகிறவர் அவர்தான். அவர் கையில் அந்தக் கம்பைக் கொடுத்தது யார் என்று எனக்கு இன்றைக்குத் தெரியும், அன்றைக்குப் பட்ட அடியும் ஞாபகம் இருக்கிறது. அங்கே பதினாறு பெஞ்சு இருந்தது. நாற்பது வருஷத்தில் ஒன்றில்கூட அவர் உட்கார்ந்ததில்லை. மதியச் சோறு மோட்டார் ரூம் பின்னால். யாரும் உட்காராதே என்று சொன்னதில்லையாம். "சொன்னாத்தானா?" என்றார்.

அதனால்தான் பழைய தோட்டத்தைத் திரும்பக் கொடு என்று கோஷம் போட எனக்கு நா எழவில்லை. நான் கேட்பது வேறு. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று ஊருக்கு ஊர் தலபுராணம் பாடிய மொழி இது. நாற்பது வருஷம் ஒரு மண்ணைப் படித்தவனின் அறிவை அறிவு என்று எழுத அதில் ஒரு வகைமை வேண்டாமா? வேலைநேரம், கூலி, பென்ஷன் இவற்றை யூனியன் கேட்கும், கேட்கட்டும், நானும் கூட நிற்பேன். கீழ்பக்கம் தண்ணீர் நிற்கும் என்பதை வரைபடத்தில் அவர் பெயரோடு யார் எழுதுவது?

இப்போது எங்க தெருவில் பெரியப்பா வீட்டு வாசலில் பெயிண்ட் டப்பா, உடைந்த குடம், பழைய சிமென்ட் சாக்கு எல்லாவற்றிலும் செடி. வேலை நடந்த சமயத்தில் நம்பர் போட்ட ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குச்சியையோ விதையையோ மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "வழி விடாம வச்சிருக்காரு, இது என்ன வீடா காடா" என்று பெரியம்மா கத்துகிறார். நியாயம்தான், தண்ணீர் தூக்கி ஊற்றுவது பெரியம்மா. இதையும் எழுது என்று பெரியம்மா சொன்னதால் எழுதுகிறேன்.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நந்தன் குளம் வெட்டிய இடத்தில் "ம்" என்றார். கம்பு வந்த இடத்தில் சிரித்தார். அந்தத் தோட்டத்து மரம் எல்லாம் அவர் வைத்தது என்று முதலில் ஒரு வரி எழுதியிருந்தேன். அங்கே நிறுத்தச் சொன்னார்.

"அத அடிச்சிரு பாப்பா. பதினோரு மரந்தான் நான் வச்சது. அந்த மகிழம்கூட எனக்கு முந்தி இருந்தவரு வச்சது. அவருகிட்டத்தான் பதியம் போடக் கத்துக்கிட்டேன். அவரு பேர எழுது."

"என்ன பேரு பெரியப்பா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். எல்லாரும் தாத்தா என்றுதான் கூப்பிட்டார்களாம்.

அந்த வரியை அடித்துவிட்டேன்.